டைல்ஸ் வாங்கியாயிற்று, பதிப்பது யார்?

மே மாதம். பிற்பகல் மூன்று மணி. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருந்தார்கள்.

"பட, பட" என்று சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் "டமார்" என்று ஒரு வெடி!

காஸ் அடுப்புதான் வெடித்துவிட்டது என்று நினைத்து வீட்டு அம்மாள் சமையல் அறைக்கு ஓடினார். அடுப்பு சும்மா இருந்தது. வெடித்தது கூடத்துத் தரை! நடுக் கூடத்தில் நான்கு டைல்கள் கூரை வீடு போல எழும்பி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

இது கற்பனை அல்ல. நமக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நடந்தது. பணிக்கொடையாக வந்த பணத்தில் அவர் அந்த வீட்டைக் கட்டினார். தரை போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அவர் கடைக்குப் போனார். "டைல்ஸில் குற்றம் இல்லை, சார். பதித்தவனைக் கேளுங்கள்" என்றார்கள். பதித்தவரைத் தேடினார். போன் எடுக்கவில்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்று ஆசிரியருக்குத் தெரியாது. கடைக்காரர் அனுப்பினார், வந்தார், பதித்தார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடையை மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்து டைல்ஸைத் தேர்ந்தெடுத்தவர் அந்த ஆசிரியர். பதிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்க அவர் செலவிட்ட நேரம் எவ்வளவு? ஒரு காபி குடிக்கும் நேரம்!

பெரும்பாலோர் இப்படித்தான் செய்கிறோம். தமிழ்நாட்டில் இன்று புது வீடு என்றால் அநேகமாக டைல்ஸ் தரைதான். ஆனால் "நல்ல ஆள் யார்? அவரை எங்கே தேடுவது? எப்படி அறிவது?" என்று கேட்டால் பதில் சொல்லுகிறவர்கள் குறைவு.

முன்பு எப்படி?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. வீட்டைக் கட்டிய கொத்தனாரே தரையும் போட்டார். காவித் தரை என்றால் சிமெண்டில் சிவப்புச் சாயம் கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினார். கடப்பைக் கல் என்றால் அவரே அடுக்கினார். மோசைக் வந்தபோது மெஷின் வைத்துத் தேய்ப்பதற்கு மட்டும் தனி ஆள் வந்தார். கொத்தனாரும் பக்கத்துத் தெருவில் இருந்தார். தரை வெடித்தால் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடலாம்.

செட்டிநாட்டில் இன்னொரு வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, கையாலேயே டைல் செய்கிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீரில் போட்டு ஊற வைக்கிறார்கள். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே டைலின் முகத்தில் இறங்கிவிடுகிறது. அதைப் பதிக்கவும் அந்தப் பக்கத்து ஆட்களே வருகிறார்கள். ஆத்தங்குடிக் கல் வாங்குகிறவர் அதைப் பதித்துப் பழகிய ஆளையே கூப்பிடவேண்டும். வழவழ டைல்ஸ் மட்டுமே பதித்துப் பழகியவர் கையில் அதைக் கொடுத்தால், கல்லும் பாழ், காசும் பாழ்.

இப்போது நிலைமை வேறு. நம் ஊர்க் கடைகளில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத் மாநிலத்தில் உள்ள மோர்பியிலிருந்து வருகிறது. அதைப் பதிக்க உள்ளூர் ஆட்களும் இருக்கிறார்கள். வடநாட்டிலிருந்து வந்த ஆட்களும் இருக்கிறார்கள். சலவைக்கல் வேலைக்கு ராஜஸ்தான் ஆட்கள் பேர் பெற்றவர்கள். யாராக இருந்தாலும் சரி. வேலை தெரிந்தவரா, நாளைக்கு கூப்பிட்டால் வருவாரா என்ற இரண்டையும்தான் பார்க்கவேண்டும்.

தரை ஏன் வெடிக்கிறது?

ஆசிரியர் வீட்டுத் தரை வெடித்ததற்குப் பூதமும் காரணம் அல்ல, பூமி அதிர்ச்சியும் காரணம் அல்ல.

டைல்ஸில் பல வகை உண்டு. சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் டைல் தண்ணீரைக் குடிக்கும். அதைத் தண்ணீரில் ஊறப் போட்டுச் சிமெண்டு வைத்துப் பதித்தால் பிடித்துக்கொள்ளும். தரைக்கு இன்று எல்லோரும் வாங்குகிற விட்ரிஃபைடு டைல் அப்படி அல்ல. அது கண்ணாடி போல இறுகியது. 100 கிராம் டைல் அரை கிராம் தண்ணீரைக்கூடக் குடிக்காது. தண்ணீர் உள்ளே போகாத இடத்தில் சிமெண்டுப் பால் எப்படிப் போய்ப் பிடிக்கும்?

ஆகவே விட்ரிஃபைடு டைலுக்கு அதற்கென்று உள்ள பசைதான் நல்லது. கடையில் "டைல் கம்" என்று கேட்டால் கொடுப்பார்கள். பையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எந்த வகை டைலுக்கு எந்த வகைப் பசை என்பதும் பையிலேயே எழுதியிருக்கும்.

பசை வாங்கினால் மட்டும் போதாது. அதைத் தடவும் விதமும் இருக்கிறது. சில ஆட்கள் டைலின் பின்பக்கம் நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதுபோல! வேலை வேகமாக முடியும். ஆனால் உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் காற்று நிற்கும். அந்த இடத்தில் கனமான சாமான் விழுந்தால் டைல் உடையும். பல் வைத்த கரணையால் தரை முழுவதும் ஒரே சீராகப் பசையை இழுத்து, அதன் மேல் டைலை அழுத்திப் பதிப்பதுதான் முறை.

அடுத்தது இடைவெளி. "சந்து தெரியாமல் ஒட்டிப் போடுங்கள், மேஸ்திரி. அழுக்குச் சேரும்" என்று நாமே சொல்லுகிறோம். இது பெரிய தவறு. வெயிலில் எல்லாப் பொருளும் விரியும். டைலும் விரியும். விரிவதற்கு இடம் இல்லை என்றால், பக்கத்து டைலை நெருக்கும். நெருக்கம் தாங்காத இடத்தில், கீழே பிடிப்பும் இல்லை என்றால், மேலே எழும்பும். ஆசிரியர் வீட்டில் நடந்தது இதுதான். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் 2 அல்லது 3 மில்லி மீட்டர் சந்து விடவேண்டும். அதற்கென்று பிளாஸ்டிக் ஸ்பேசர் விற்கிறது. சுவர் ஓரத்திலும் கொஞ்சம் இடம் விடவேண்டும். அதைச் சுவரடி டைல் மறைத்துவிடும்.

இந்தச் சின்ன விஷயத்தை நல்ல மேஸ்திரி தாமே சொல்லுவார். நாம் "ஒட்டிப் போடு" என்றால், "அப்படிப் போட்டால் நிற்காது, அம்மா" என்று மறுப்பார். நாம் சொன்னதற்கெல்லாம் தலை ஆட்டுகிற ஆளைப் பற்றித்தான் சந்தேகப்படவேண்டும்.

ஆளை எங்கே தேடுவது?

கடைக்காரரைக் கேட்கலாம். தப்பு இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆட்கள் கடைக்கு வாடிக்கைக்காரரை அழைத்து வந்தால் கடை கமிஷன் கொடுப்பதும், கடை ஆளுக்கு வேலை பிடித்துக் கொடுத்தால் ஆள் கமிஷன் கொடுப்பதும் ஊர் அறிந்த ரகசியம். எல்லாக் கடையும் அப்படி அல்ல. ஆனாலும் கடைக்காரர் சொன்னார் என்பது மட்டுமே ஒரு தகுதி ஆகாது.

போனில் தேடலாம். பத்து பேர் வருவார்கள். பளபளவென்று படம் அனுப்புவார்கள். படத்தில் எல்லாத் தரையும் அழகாகத்தான் இருக்கும். அது எந்த வீட்டுத் தரை, யார் போட்ட தரை என்று படம் சொல்லாது.

நம்முடைய யோசனை இது: உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும், இரண்டு மூன்று வருடத்துக்குள் கட்டிய வீடு எது என்று பாருங்கள். கதவைத் தட்டுங்கள். "நாங்கள் வீடு கட்டுகிறோம். உங்கள் தரையைப் பார்க்கலாமா? யார் போட்டது?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் குறைவு. தம் வீட்டுத் தரையைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பை யார் விடுவார்கள்? நன்றாக இருந்தால் பெருமையாகச் சொல்லுவார்கள். கெட்டுப்போயிருந்தால் இன்னும் விவரமாகச் சொல்லுவார்கள்!

ஒரு மழைக்காலமும் ஒரு கோடைகாலமும் தாண்டிய தரையைத்தான் பார்க்கவேண்டும். நேற்றுப் போட்ட தரை எல்லாமே நல்ல தரைதான்.

பார்க்கப் போகும்போது ஒரு ரூபாய் நாணயம் போதும். குனிந்து டைலைத் தட்டுங்கள். நடுவிலும் தட்டுங்கள், நான்கு மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் நிரம்பியிருக்கிறது. "டொப், டொப்" என்று காற்றுச் சத்தம் வந்தால் அடியில் பொந்து இருக்கிறது. ஒன்று இரண்டு அப்படி இருந்தால் மன்னிக்கலாம். வரிசையாக அப்படி இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். ஒரு டைலின் விளிம்பு மேலேயும், அடுத்தது கீழேயும் இருந்தால் காலுக்குத் தெரியும். கண்ணைவிடக் கால் நல்ல நீதிபதி.

கடைசியாக, குளியல் அறை. மேஸ்திரியின் உண்மையான பரீட்சை அங்கேதான். ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் தானாக ஓடிச் சல்லடைக்குள் இறங்குகிறதா? அல்லது நடுவில் குளம் கட்டி நிற்கிறதா? அடிக்கு ஒரு நூல், அதாவது ஓர் அடி நீளத்துக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தேங்காது. கூடத்தில் மட்டம் பார்க்கத் தெரிந்தவர் பலர். குளியல் அறையில் வாட்டம் கொடுக்கத் தெரிந்தவர் சிலர்.

தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள் எந்த ஊரில் இல்லை? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குளியல் அறைக்கும் பின்கட்டுக்கும் பளபளப்பு டைலே வேண்டாம். சொரசொரப்பானது வாங்குங்கள். அட்டையில் ஆர்.10, ஆர்.11 என்று போட்டிருக்கும். எண் கூடினால் வழுக்கல் குறையும். மேஸ்திரி நல்லவரா என்று அறிய இதையும் ஒரு வழியாக வைத்துக்கொள்ளலாம். "வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா?" என்று தாமாகக் கேட்கிற மேஸ்திரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேலையைக் கொடுக்கலாம்.

குறைந்த விலை, கூடிய செலவு

ஆள் கிடைத்துவிட்டார். இனி விலை.

"சதுர அடிக்கு என்ன?" என்று கேட்பது நம் வழக்கம். இந்த ஒரே கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். இது கணக்குக்காகச் சொல்லுவது. உங்கள் ஊர்க் கூலி வேறாக இருக்கும்.

ஒருவர் சதுர அடிக்கு 35 ரூபாய் என்கிறார். இன்னொருவர், "எல்லாம் சேர்த்து 45 ரூபாய்" என்கிறார். 1,000 சதுர அடிக்கு முதலாமவர் 35,000 ரூபாய். இரண்டாமவர் 45,000 ரூபாய். நாம் முதலாமவரைப் பிடிக்கிறோம். பாதி வேலையில் அவர் சொல்லுகிறார்: "சுவரடி தனி, சார். ஓட்ட அடிக்கு 20 ரூபாய்." 200 அடிக்கு 4,000 ஆயிற்று. "படிக்கட்டு தனி. படிக்கு 250." 18 படிக்கு 4,500. மாடிக்கு டைல்ஸ் ஏற்றுகிற கூலி 3,000. உடைந்த துண்டும் குப்பையும் அள்ளிப்போட 2,000. மொத்தம் 48,500 ரூபாய்! பத்தாயிரம் மிச்சம் என்று நினைத்தவருக்கு மூவாயிரத்து ஐந்நூறு கூடுதல் செலவு.

முதலாமவர் திருடர் அல்ல. அவர் கேட்டது எல்லாம் செய்த வேலைக்குத்தான். நாம் முதலிலேயே கேட்கவில்லை; அவரும் முதலிலேயே சொல்லவில்லை.

டைல்ஸ் வாங்கும் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "இரண்டுக்கு இரண்டு" என்று நாம் சொல்லும் டைல் உண்மையில் 600 மில்லி மீட்டர். இரண்டு அடி என்றால் கிட்டத்தட்ட 610 மில்லி மீட்டர் இருக்கவேண்டும். ஒரு பெட்டியில் நான்கு டைல். 16 சதுர அடி என்று வாயால் கணக்குப் போடுகிறோம். உண்மையில் அது 15 1/2 சதுர அடிதான். 1,000 சதுர அடிக்கு 63 பெட்டி போதும் என்று நினைப்பவர், 65 பெட்டி இல்லாமல் வேலையை முடிக்க முடியாது. வெட்டுச் சேதாரம் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 71 பெட்டி ஆகும்.

"குறைந்தால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று இருக்கக்கூடாது. ஒவ்வொரு பெட்டியிலும் தயாரிப்பு வரிசை எண்ணும் நிற எண்ணும் அச்சிட்டிருக்கும். அடுத்த மாதம் வாங்கும் பெட்டியில் அந்த எண் மாறியிருக்கும். பெயர் ஒன்றுதான், படம் ஒன்றுதான். நிறம் மட்டும் ஒரு மாற்றுக் குறைந்திருக்கும். பதித்த பிறகு அது திட்டுப்போல வாழ்நாள் முழுவதும் கண்ணை உறுத்தும். எண் பார்த்து வாங்கவேண்டும். முழுவதையும் ஒரே தடவையில் வாங்கவேண்டும்.

ஒரு தாள் போதும்

"தெரிந்த மேஸ்திரிதான். எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பார்" என்று நம் மக்கள் கூச்சப்படுகிறார்கள். கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசும்போதுகூட, பருப்பு இத்தனை படி, வெல்லம் இத்தனை என்று பட்டியல் எழுதுகிறோம். லட்சக் கணக்கில் செலவு செய்யும் தரைக்கு ஒரு தாள் எழுதக் கூச்சம் எதற்கு?

பெரிய பத்திரம் வேண்டியதில்லை. சதுர அடிக்கு என்ன கூலி, அதில் எது எது அடக்கம், எது தனி, சிமெண்டும் பசையும் யார் வாங்குவது, சந்து எவ்வளவு, எத்தனை நாளில் முடியும், பணம் எப்போது எப்போது, டைல் தூக்கிக்கொண்டால் எத்தனை மாதம் வரை கூலி இல்லாமல் சரி செய்து கொடுப்பார் என்பதை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். மேஸ்திரியின் முழு விலாசமும் அதில் இருக்கவேண்டும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதில் பதிந்தவரிடம் அட்டை இருக்கும். வேலைத் திறமைக்கு அது சான்று அல்ல. ஆனால் ஆள் இன்னார், ஊர் இன்னது என்பதற்குச் சான்று.

பணத்தை முன்னால் அள்ளிக் கொடுக்கவும் கூடாது. பின்னால் இழுத்தடிக்கவும் கூடாது. முன்பணம் பத்தில் ஒரு பங்கு. பிறகு ஒவ்வோர் அறையும் முடிய முடியக் கொடுக்கலாம். கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதை முதலிலேயே சொல்லித் தாளில் எழுதவேண்டும். வேலை எல்லாம் முடிந்த பிறகு, "அது சரியில்லை, இது சரியில்லை" என்று சொல்லிக் கூலியைப் பிடிப்பது நாணயம் அல்ல. அப்படிச் செய்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். மேஸ்திரிகள் சொல்லுகிற கதைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் சித்தாள்களுக்குக் கூலி கொடுக்கத் தம் மனைவியின் தோட்டை அடகு வைத்த மேஸ்திரிகள் உண்டு.

தாள் இருந்தால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்த வேலையில் குறை இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். ஆனால் அங்கே முதல் கேள்வி, "ரசீது இருக்கிறதா?" என்பதுதான். ஆசிரியரிடம் ரசீதும் இல்லை, தாளும் இல்லை.

அரசாங்கம் செய்யவேண்டியது

வீட்டுக்கு மின்சாரக் கம்பி இழுக்கிறவருக்கு உரிமம் வேண்டும் என்கிறோம். வரைபடம் போடுகிறவர் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும் என்கிறோம். தரை போடுகிறவருக்கு மட்டும் எதுவும் கிடையாது. நேற்று வரை மண் சுமந்தவர் இன்று கையில் ஒரு கட்டிங் மெஷின் வாங்கிக்கொண்டால், அவரும் டைல்ஸ் மேஸ்திரிதான்.

உரிமம் கட்டாயம் என்று சட்டம் கொண்டு வரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாக முடியும். உரிமம் வாங்க அலைவதற்கே அவருக்கு வாரம் இரண்டு நாள் கூலி போய்விடும். நாம் கேட்பது சிறிய காரியம். டைல்ஸ் பதிக்கும் கொத்தனாருக்கு மத்திய அரசாங்கத்தின் திறன் பயிற்சியில் தனிப் பாடம் இருக்கிறது. உலக நாடுகளின் இளைஞர்கள் கலந்துகொள்ளும் உலகத் திறன் போட்டியில் சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் பதிப்பது ஒரு தனிப் போட்டி! அவ்வளவு மதிப்புள்ள தொழில் இது. பயிற்சி பெற்றவர்கள், நல வாரியத்தில் பதிந்தவர்கள் ஆகியோரில் விருப்பம் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு நகராட்சி அலுவலகத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஏன் வைக்கக்கூடாது? வீடு கட்ட அனுமதி வாங்க வருகிறவர் அங்கேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஆளுக்கு வேலை கிடைக்கும். வீட்டுக்காரருக்கு விலாசம் கிடைக்கும். கமிஷன் யாருக்கும் கிடைக்காது. அதனால்தான் இது நடக்காமல் இருக்கிறதோ என்னவோ!

தூசியைப் பாருங்கள்

இன்னொன்றும் சொல்லவேண்டும். டைல்ஸ் வேலை நடக்கும் வீட்டுக்குப் போனால், வாசலிலேயே வெள்ளைப் புகை போலத் தூசி பறக்கும். உள்ளே ஒருவர் முழங்காலை மண்டியிட்டு, மூக்கில் துணிகூடக் கட்டாமல், டைலை வெட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. பல வருடம் மூச்சில் இழுத்தால் நுரையீரல் இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து இல்லை. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் பலகையை வெட்டிய தொழிலாளர்கள் பலர் இந்த நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அந்தப் பலகைக்கே தடை போட்டுவிட்டது.

தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். வெட்டும் இடத்தில் தண்ணீரும், வெட்டுகிறவருக்கு நல்ல முகமூடியும் ஏற்பாடு செய்வதற்கு ஆகிற செலவு, கூடத்து விளக்கு ஒன்றின் விலைகூட இராது. "தண்ணீர் விட்டு வெட்டுங்கள், மேஸ்திரி. அரை நாள் கூட ஆனாலும் பரவாயில்லை" என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவசரப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, பத்து நாள் வேலையை ஆறு நாளில் முடிக்கச் சொல்லுகிறோம். பசை காய ஒரு நாள் விடாமல் அதன் மேல் ஏணியைப் போட்டுப் பெயிண்டரை ஏற்றுகிறோம். பிறகு டைல் ஆடுகிறது என்று கொத்தனாரைத் திட்டுகிறோம்.

ஆசிரியரின் கதை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். அவர் மறுபடியும் கடைக்குப் போகவில்லை. தெருவில் நான்கு வீடுகளில் ஏறி இறங்கி, நாணயத்தால் தட்டிப் பார்த்து, ஒரு மேஸ்திரியைப் பிடித்தார். அந்த மேஸ்திரி மூன்றாவது தெருவிலேயே குடியிருந்தவர்! அவர் வந்து கூடம் முழுவதையும் தட்டிப் பார்த்தார். "முழுவதையும் பெயர்க்கவேண்டாம், ஐயா. பாதி நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. கெட்டதை மட்டும் எடுத்துவிட்டுப் போடுவோம். பழைய டைல் மீதி இருக்கிறதா?" என்று கேட்டார்.

இல்லை. மீந்த இரண்டு பெட்டியையும் ஆசிரியர் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்தார். அந்த டைல் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆகவே கூடத்தின் நடுவில் வேறு நிறத்தில், கம்பளம் விரித்ததுபோல ஒரு சதுரம் பதித்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள், "இது புது மாதிரியோ?" என்று கேட்கிறார்கள். ஆசிரியரும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்.

நீங்கள் மீதி டைல்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள். பெட்டியோடு பரணில் ஏற்றி வையுங்கள். எழுதிய தாளையும் கடை ரசீதையும் ஒரு உறையில் போட்டு அந்தப் பெட்டிக்குள் வையுங்கள். மேஸ்திரியின் போன் எண்ணைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.